நாலு மூலகத்தில் தொடங்கி தேத்தண்ணி வரை: ஒரு சேர்க்கை விளையாட்டைத் தமிழில் செய்த பதிவு

நீர், நெருப்பு, காற்று, மண். இந்த நான்கையும் இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை உண்டாக்க வேண்டும். அப்படியொரு விளையாட்டு இப்போது இலங்கை மலையகத்தில், ஹப்புத்தளைப் பக்கத்தில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்ட வாசிகசாலையில் ஓடுகிறது. இணையம் தேவையில்லை. ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு, 90 கிலோபைட்டுக்குள். பழைய போனிலும் திறக்கும், வாசிகசாலைக்கு யாரோ கொடுத்துவிட்டுப் போன மடிக்கணினியிலும் திறக்கும். சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகளும் நானும் சேர்ந்து செய்தது. வேறு தோட்டத்தில் யாராவது இதே மாதிரி செய்ய நினைத்தால் பாதி வேலையாவது மிச்சமாகட்டும் என்று, சுற்றிப் போன வழிகளையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

இந்த வகை விளையாட்டு நமக்குத்தான் புதிது. லிட்டில் அல்கெமி 2010இலேயே வந்துவிட்டது. எங்கள் பிள்ளைகளைப் பிடித்தது அதற்குப் பிறகு வந்த இன்ஃபினிட் கிராஃப்ட். நீல் அகர்வால் என்பவர் 2024 ஜனவரி கடைசியில் வெளியிட்டது. உலாவியைத் திறந்தால் நான்கு மூலகங்கள் இருக்கும், ஒன்றை இழுத்து இன்னொன்றின் மேல் போட்டால் புதிதாக ஒன்று வரும். நீரும் நெருப்பும் நீராவி. மண்ணும் காற்றும் தூசி. இதற்கு முன் உலகத்தில் யாருமே சேர்த்துப் பார்க்காத சோடியைப் போட்டால் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியம் ஒன்று அந்த இடத்திலேயே விடையை உண்டாக்கித் தரும். அந்த விடை சேமிக்கப்பட்டு, பிறகு அதே சோடியைப் போடுகிற எல்லாருக்கும் அதுவே வரும். முதலில் கண்டுபிடித்தவருக்கு ஒரு தனி அறிவிப்பு உண்டு. அந்த அறிவிப்புக்காகப் பிள்ளைகள் மணிக்கணக்கில் உட்கார்ந்தார்கள்.

சிக்கல் இரண்டு. வருகிற சொல் எல்லாம் ஆங்கிலம். பெரிய பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள், ஐந்தாம் ஆண்டுக்குக் கீழே உள்ளவர்கள் பட்டனை அமுக்கிப் பார்ப்பதோடு சரி. இரண்டாவது, விடை ஒவ்வொன்றும் எங்கோ இருக்கும் சேவையகத்திலிருந்து வரவேண்டும். மூடுபனி இறங்கி மழையும் பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கம் சிக்னல் ஒரு கோட்டுக்கு வந்துவிடும். அப்புறம் எதைச் சேர்த்தாலும் ஒன்றும் நடக்காது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. லிட்டில் அல்கெமியில் மண்ணோடு நீரைச் சேர்த்தால் சேறு. இன்ஃபினிட் கிராஃப்டில் அதே சோடிக்குச் செடி. அப்படியென்றால் விடையை முடிவு செய்வது பட்டியலை எழுதுகிறவர்தான். நாமே எழுதினால் எங்கள் மலையில் மண்ணும் நீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நாமே முடிவு செய்யலாம். வேலை அங்கேதான் தொடங்கியது.

அட்டையில் முதல் வடிவம்

கணினியைத் தொடும் முன் அட்டையில் விளையாடிப் பார்த்தோம். கடையில் தூக்கிப் போடும் பிஸ்கட் பெட்டிகளை 6 சென்றிமீற்றருக்கு 4 சென்றிமீற்றர் துண்டுகளாக வெட்டி, மார்க்கர் பேனாவால் பெயர் எழுதினோம். செலவு மார்க்கருக்கு மட்டும்தான். ஒரு பிள்ளை இரண்டு அட்டையை நீட்டும். நான் கொப்பியில் உள்ள பட்டியலைப் பார்த்து மூன்றாவது அட்டையைக் கொடுப்பேன், பட்டியலில் இல்லையென்றால் கையை விரிப்பேன்.

இந்த அட்டை விளையாட்டைத் தவிர்த்துவிட்டு யாரும் நேரே நிரல் எழுதப் போகவேண்டாம். இரண்டு விடயங்கள் இதில்தான் தெரிந்தன. பிள்ளைகள் முதலில் செய்வது ஒரு அட்டையை அதே அட்டையோடு சேர்ப்பது. நெருப்பும் நெருப்பும், மண்ணும் மண்ணும். அதற்கு விடை இல்லையென்றால் அந்த இடத்திலேயே முகம் வாடிவிடும். ஆகவே அடிப்படை மூலகங்கள் நான்குக்கும் தன்னோடு தானே சேரும் விடையை முதலில் எழுதினோம். மண்ணும் மண்ணும் மலை, நீரும் நீரும் ஆறு, காற்றும் காற்றும் கச்சான், நெருப்பும் நெருப்பும் உலை. கச்சானைச் சொன்னது ஒரு ஏழு வயதுப் பிள்ளை. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி வறண்டு வீசும் அந்தக் காற்றில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துத் தகரம் இரவெல்லாம் ஆடும். அந்தப் பிள்ளைக்கு இரண்டு மடங்கு காற்று என்றால் அதுதான்.

இரண்டாவது, காலிச் சோடிகளின் தொகை. நான்கு மூலகம் இருந்தால் சோடி 10. முப்பது ஆனதும் 465. அறுபது ஆனால் 1830. நாங்கள் முப்பது அட்டை செய்தபோது எழுதியிருந்த சேர்க்கை எழுபது அளவில் இருந்தது. அதாவது ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு இரண்டு அட்டையை எடுத்தால் ஆறில் ஐந்து முறை நான் கை விரிக்கவேண்டும். தொடர்ந்து நாலைந்து தரம் அப்படி ஆனால் எந்தப் பிள்ளையும் எழுந்து போய்விடும். மூலகங்கள் கூடக்கூட விளையாட்டு சுவையாக வேண்டும். இதிலோ கூடக்கூடச் சலிப்பாகிறது. இந்தக் கணக்கைத் தீர்க்காமல் மேலே போகக்கூடாது என்று நிறுத்தி வைத்தோம்.

தீர்வு வகைபிரிப்பில் கிடைத்தது. ஒவ்வொரு மூலகத்துக்கும் ஒரு வகை கொடுத்தோம்: ஈரம், சூடு, செடி, கல், உயிர், கருவி. ஒரு சோடிக்கெனத் தனியாக எழுதிய விடை இருந்தால் அது வரும். இல்லையென்றால் வகைச் சோடியைப் பார்க்கும். ஆறு வகைக்கு 21 சோடிதான், அதில் பொருந்துகிறவற்றுக்கு ஒரே மாலையில் விடை எழுதிவிடலாம். செடியும் சூடும் சாம்பல், ஈரமும் சூடும் நீராவி, கல்லும் கருவியும் சல்லிக்கல். இதைப் போட்டவுடன் காலிச் சோடி பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனால் வகையைத் தாராளமாகக் கொடுத்தால் வேறு தொல்லை வருகிறது. கூடையையும் செடி வகையில் போட்டிருந்தோம், பிரம்பில் பின்னுவதுதானே என்று. சூடான எதோடு சேர்த்தாலும் சாம்பல், சாம்பல் என்று கூடை எரிந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு மனிதர் கைபட்டுச் செய்த எந்தப் பொருளுக்கும் கருவி என்ற வகை மட்டும்தான்.

அப்படியும் விடை இல்லாத சோடி இருக்கத்தான் செய்யும். அங்கே வெறுமனே ‘ஒன்றுமில்லை’ என்று போடாமல் ஒரு வரி எழுதினோம். ‘பாறை அசையவில்லை’, ‘ஈரம் காயட்டும்’ மாதிரி. அந்த வரிகளைப் பார்ப்பதற்காகவே சேராது என்று தெரிந்த சோடிகளையும் பிள்ளைகள் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

கொழுந்து சேர மறுத்தது

அடுத்தது நிரல். இதில் நான் கெட்டிக்காரி இல்லை, ஆனால் தேவையான ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம்தான். சேர்க்கைகளை ஒரு வரிக்கு ஒன்றாக, ‘நீர் + நெருப்பு = நீராவி’ என்று சாதாரண உரைக் கோப்பில் எழுதினோம். பிள்ளைகளே போனில் தட்டச்சுச் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும், நான் அப்படியே ஒட்டிக்கொள்ளலாம் என்பது திட்டம். நிரல் அந்தக் கோப்பைப் படித்து, இரண்டு பெயரையும் அகரவரிசைப்படுத்தி நடுவில் ஒரு கூட்டல் குறி வைத்து, விடையைத் தேடி எடுக்கும் ஒரு சாவியாக வைத்துக்கொள்ளும். வரிசைப்படுத்தாவிட்டால் நீரை நெருப்பில் போடுவதும் நெருப்பை நீரில் போடுவதும் வேறு வேறாகிவிடும்.

எல்லாம் ஓடியது, கொழுந்து மட்டும் ஓடவில்லை. கொழுந்தும் காற்றும் என்று போட்டால் விடை இல்லை. உரைக் கோப்பைத் திறந்தால் அந்த வரி கண்முன்னே இருக்கிறது, எழுத்துப் பிழையும் இல்லை. விளையாட்டின் உயிரே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது, அதுவே வேலை செய்யவில்லை.

பெயர்களின் நீளத்தைத் திரையில் அச்சிட்டுப் பார்த்தபோது பிடிபட்டது. ஒரு கொழுந்தின் நீளம் 8, இன்னொரு கொழுந்தின் நீளம் 9. எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் யூனிகோடில் ‘கொ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பிறகு ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். மடிக்கணினியின் பழைய தட்டச்சு மென்பொருள் இரண்டாகப் போட்டது, போன் ஒன்றாகப் போட்டது. கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள்.

மருந்து ஒரே வரி. ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்ற கட்டளை இருக்கிறது, அதற்கு என்எஃப்சி என்ற வடிவத்தைக் கொடுத்தால் பிரிந்திருக்கும் கொம்பையும் காலையும் ஒரே குறியாக்கிவிடும். ஒகரம், ஓகாரம் இரண்டுக்கும் இது சரிவரும். ஆனால் ஔகாரத்தை முழுதாக நம்பவேண்டாம். கௌப்பி என்று எழுதவேண்டிய இடத்தில் பலர் ககரம், கொம்பு, அப்புறம் ளகர எழுத்து என்று தட்டுகிறார்கள். அது யூனிகோடின் கணக்கில் வேறொரு சொல்லே, எந்த நார்மலைஸும் சேர்த்துவைக்காது. அதைக் கையால் தேடித் திருத்தினேன். வாட்ஸ்அப்பில் வந்த வரிகளின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளிகளையும் வெட்டவேண்டும்.

இன்னொரு தரம் செய்தால் பெயரையே சாவியாக வைக்கமாட்டேன். ஒவ்வொரு மூலகத்துக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர் திரையில் காட்டுவதற்கு மட்டும் என்று வைப்பேன். எழுத்துத் திருத்தம் செய்தாலும் எதுவும் உடையாது.

விரல், திரை, சேமிப்பு

மடிக்கணினியில் சுட்டியால் இழுத்துப் போடுவது நன்றாக இருந்தது. எங்கள் பழைய போன்களில் அதே கோப்பைத் திறந்து விரலால் இழுத்தால் பக்கம் முழுவதும் மேலும் கீழும் ஓடியது. உலாவியில் கூடவே வரும் இழுத்துப் போடும் வசதி சுட்டிக்காகச் செய்தது. சுட்டிக்கும் விரலுக்கும் பொதுவான பாயிண்டர் நிகழ்வுகளுக்கு மாற்றி, ஓடுகள், அதாவது மூலகத்தின் பெயர் எழுதிய கட்டங்கள், இருக்கும் பகுதியில் பக்கம் நகராமல் தடுத்த பிறகு இழுபட்டது. ஆனால் சின்னத் திரையில் விரலே ஓட்டை மறைத்துவிடுகிறது. இழுக்கும் ஓட்டை விரலுக்கு 40 பிக்சல் மேலே மிதக்கவிட்டுப் பார்த்தேன், பிள்ளைகளுக்கு அது பழகவில்லை.

கடைசியில் இழுப்பதையே எடுத்துவிட்டேன். ஒன்றைத் தொடு, அது நிறம் மாறும். இன்னொன்றைத் தொடு, இரண்டும் சேரும். நிரலும் பாதியாகக் குறைந்தது. இழுத்துப் போடுவதில் ஒரு விளையாட்டுத்தனம் இருக்கிறது, அது போனதில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். ஆனால் மழையில் நனைந்த விரலோடும் இது வேலை செய்கிறது.

எங்கள் போன்களின் திரை உலாவியின் கணக்கில் 360 பிக்சல் அகலம். மூன்று ஓடு ஒரு வரிசையில் வைத்தால் ‘வாட்டிய கொழுந்து’ வெளியே வழிந்தது. தமிழ்ச் சொல் நீளம், அதற்கு ஏற்றாற்போல ஒரு வரிசையில் இரண்டே ஓடுகள், எழுத்து 18 பிக்சல், ஓட்டின் உயரம் குறைந்தது 48 பிக்சல், பெயர் அதிகபட்சம் இரண்டு வரி.

சேமிப்பதுதான் இன்னும் முழுதாகத் திருப்தி தராத இடம். உலாவிக்குள்ளேயே இருக்கும் லோக்கல் ஸ்டோரேஜ் என்ற சேமிப்பிடத்தில் வைத்தால் மடிக்கணினியில் நிற்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த கோப்பை நேரே தட்டித் திறக்கும் போன்களில் மூடித் திறந்ததும் எல்லாம் போய்விடுகிறது. அதனால் கண்டுபிடித்தவற்றை ஒரு சின்னக் குறியீடாக மாற்றிக் காட்டும் பட்டன் வைத்தேன். பிள்ளை அதைக் கொப்பியில் எழுதிக்கொள்ளும், அடுத்த தரம் அதைத் தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. அந்தக் குறியீடு மூலகங்களின் வரிசையை வைத்துச் செய்வது. நடுவில் ஒரு புதிய மூலகத்தைச் செருகினால் பழைய குறியீடு எல்லாம் வேறு எதையோ காட்டும். புதியது எப்போதும் பட்டியலின் கடைசியில்தான் சேரவேண்டும்.

பெரியப்பா திருத்திய தேயிலை

இனி எனக்குப் பிடித்த பகுதி. முதல் பட்டியலில் தேயிலை மிகச் சுலபமாக வந்தது. மண்ணும் மழையும் செடி, செடியும் மலையும் தேயிலைச் செடி, அதோடு கூடை சேர்ந்தால் கொழுந்து, கொழுந்தும் நெருப்பும் தேயிலை. பிள்ளைகளுக்கும் அது போதுமாக இருந்தது. தேயிலைத் தொழிற்சாலைக்கு உள்ளே போய்ப் பார்த்தவர்கள் அவர்களில் அநேகர் இல்லை. வெளியில் நின்று வாசத்தை மட்டும் பிடித்தவர்கள்.

ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியப்பா ஒருவர் எங்கள் லயத்தில் இருக்கிறார். வாசிகசாலைக்குப் பேப்பர் பார்க்க வந்தவர், ஒரு பிள்ளையின் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்துவிட்டு, “என்ன புள்ள, கொழுந்த நேரா அடுப்புல போடுறீங்க? அது கருகிப் போகும், குடிக்க ஏலாது” என்றார். உட்காரவைத்து ஒவ்வொரு கட்டமாகக் கேட்டு எழுதினேன்.

கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை வலைத்தட்டில் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றை விட்டு, ஏறக்குறைய ஓர் இரவு முழுக்க வாட்டவேண்டும். இலை துவண்டு, கையில் பிடித்தால் ஒடியாமல் உருண்டையாக நிற்கும் பதம். வெளியில் மழை என்றால் காற்றைச் சற்றுச் சூடாக்கி விடுவார்களாம். பிறகு உருளையில் போட்டு உருட்டுவது. இலையின் சாறு வெளியே வரும், காற்றுப் படும், பச்சை மாறிச் செம்பு நிறம் வரும். அதற்கு இரண்டு மூன்று மணி நேரம். எந்த நிமிடத்தில் நிறுத்தவேண்டும் என்பதை மூக்கால்தான் பிடிப்பார்கள் என்று சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது. அதன் பிறகுதான் சூடு. இருபது நிமிட அளவில் காய்ந்து கறுப்பாக வெளியே வரும். கடைசியில் சலித்துத் தரம் பிரிப்பது. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை தேறும்.

விளையாட்டில் அது இப்படி ஆனது. கொழுந்தும் காற்றும் வாட்டிய கொழுந்து. அதோடு உருளை, உருட்டிய கொழுந்து. மறுபடி காற்று, செம்பு இலை. அதோடு நெருப்பு, தேயிலை. ஒரே காற்று இரண்டு இடத்தில் இரண்டு வேலை செய்கிறது. கட்டத்தை மாற்றிப் போட்டால் கருகிய இலை. கொழுந்தோடு நேரே நீராவியைச் சேர்த்தால் பச்சைத் தேயிலை, ஏனென்றால் நீராவியின் சூட்டில் இலை நிறம் மாறுவது அங்கேயே நின்றுவிடும். கொழுந்தோடு பனி சேர்ந்தால் கருகிய கொழுந்து. இதை நுவரெலியாவில் சித்தி வீடு உள்ள ஒரு பிள்ளை சேர்த்தது. ஜனவரியில் உறைபனி விழுந்து தேயிலை கருகுவதை அது பார்த்திருக்கிறது.

இந்த மாற்றத்துக்குப் பிறகு தேத்தண்ணிக்குப் போகும் பாதை இரண்டு மடங்கு நீண்டது. பிள்ளைகள் விட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். நடந்தது வேறு. கருகிய இலை வந்தால் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். பெற்றோரில் யாராவது ஸ்டோரில் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் தனி மதிப்பு.

உருளைக்கு இரும்பு வேண்டும். முதலில் மண்ணும் நெருப்பும் இரும்பு என்று இலகுவாக வைத்திருந்தோம். அதை மாற்றியதற்குக் காரணம் சமனலவெவ. பலாங்கொடைப் பக்கம், மத்திய மலைகளின் தெற்கு விளிம்பில், மேற்குப் பார்த்த சரிவுகளில் பழைய இரும்பு உலைகள் வரிசையாக இருந்ததைத் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் கண்டறிந்தார். துருத்தி ஊதாமல், பருவக்காற்றின் வேகத்தையே உலைக்குள் பிடித்து, ஆயிரம் வருடங்களுக்கு முன் அங்கே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். அதே மாதிரி உலை ஒன்றைக் கட்டி ஓட்டியும் காட்டினார், அந்த ஆய்வு 1996இல் நேச்சர் இதழில் வந்தது. லயத்துத் தகரத்தை ஆட்டும் காற்றால் இரும்பு உருக்கலாம் என்றால் அதை எப்படி விளையாட்டில் சேர்க்காமல் விடுவது? ஆகவே இப்போது கச்சானும் உலையும் காற்றுலை, காற்றுலையும் இரும்புக்கல்லும் இரும்பு. அதே சமனலவெவயில் 1992 முதல் நீர்மின்சாரமும் எடுக்கிறார்கள் என்பதால் மலையும் ஆறும் நீர்வீழ்ச்சி, நீர்வீழ்ச்சியும் இரும்பும் மின்சாரம் என்று பக்கத்திலேயே இன்னொரு கிளை.

மலையும் கனமழையும்

மழையும் மழையும் கனமழை. கனமழையும் மலையும் என்ன? கேட்ட உடனே வகுப்பில் எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள், மண்சரிவு. மீரியபெத்த எங்களுக்குத் தூரமில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் அங்கே லயங்கள் மண்ணுக்குள் போனபோது இந்தப் பிள்ளைகளில் பலர் பிறந்திருக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

நான் அந்த விடையை எழுதத் தயங்கினேன். ஒரு பிள்ளை வேடிக்கையாக இரண்டு ஓட்டைத் தொட்டதும் மண்சரிவு என்று வந்து நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எழுதாமல் விடுவதும் சரியில்லை. மலையும் கனமழையும் சேர்ந்தால் அருவி மட்டும்தான் வரும் என்று எங்கள் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

நடுவில் ஒரு படி வைத்தோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று மட்டத்தில் எச்சரிக்கை தருகிறது. அதோடு மக்கள் பார்த்துக்கொள்ளவேண்டிய அறிகுறிகளையும் சொல்கிறது: நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு, சாயத் தொடங்கும் மரமும் மின்கம்பமும், திடீரென ஊறும் கலங்கல் நீர். ஆகவே மலையும் கனமழையும் சேர்ந்தால் இப்போது ‘வெடிப்பு’ வரும். வெடிப்போடு மறுபடி மழை சேர்ந்தால் மண்சரிவு. வெடிப்போடு மனிதர் சேர்ந்தால் ‘வெளியேறுதல்’. மலையோடு முதலிலேயே காடு சேர்ந்திருந்தால் அது வேர்பிடித்த மலை, அதில் கனமழை பெய்தால் ஊற்று. மண்சரிவு ஓட்டோடு வேறு எதுவும் சேராது. அங்கே ஒரு வரியும் எழுதவில்லை, வெறுமையாகவே விட்டோம். இது ஒன்பதாம் ஆண்டில் படிக்கும் ஒரு பிள்ளையின் முடிவு. வெடிப்பு வந்தவுடன் மழையைத் தொடாமல் மனிதரைத் தேடும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். இந்த ஒரு படிக்காகவே இவ்வளவு வேலையும் தகும்.

செலவும் பாக்கியும்

செலவென்று பெரிதாக இல்லை. மார்க்கர், அட்டை ஒட்டும் பசை, பட்டியலை எடுத்த போட்டோக் கொப்பிக் காசு, மடிக்கணினிக்குப் பழைய நினைவகத் துண்டு ஒன்று. நினைவகத்துக்குத்தான் கொஞ்சம் கூடுதலாகப் போனது, அதுவும் விளையாட்டுக்குத் தேவையில்லை, வாசிகசாலைக்கு எப்படியும் வேண்டியிருந்தது. நேரம்தான் அதிகம் எடுத்தது. நிரலுக்குப் போன நேரத்தைவிடப் பட்டியலை எழுதிய நேரம் பல மடங்கு. சேர்க்கைகளை இயந்திரத்திடம் கேட்டு நிரப்பியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும் என்று ஒருவர் சொன்னார். முடிந்திருக்கும்தான். வாட்டாமல் அடுப்பில் போட்ட தேயிலையோடு முடிந்திருக்கும், பெரியப்பாவிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அடுத்த பதிப்புக்கு மூன்று வேலை இருக்கிறது. பெயருக்குப் பதில் எண் சாவி, அதை மேலே சொன்னேன். பிறகு ஒலி. எழுத்துக்கூட்டி வாசிக்கும் சின்னப் பிள்ளைகளுக்காக ஓட்டைத் தொட்டதும் பெயரைச் சொல்லவேண்டும். பெரிய பிள்ளைகளின் குரலில் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறோம். கோப்பு பெரிதாகிவிடும் என்பதால் ஒவ்வொரு சொல்லையும் ஒரு செக்கனுக்குள் வெட்டிக் குறைந்த தரத்தில் வைக்கவேண்டும்.

மூன்றாவது, கொழுந்தும் தராசும். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த ஓர் அம்மா திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தேத்தண்ணி வரைக்கும் கொண்டு போயிட்டீங்க, தங்கச்சி. எங்க பேரு எங்க?” பேர் என்றால் ஒரு முழு நாள் சம்பளம். கொழுந்தைத் தராசில் போட்டால் பேர் விழவேண்டும், கிலோ குறைந்தால் அரைப்பேர், மழையில் நனைந்த கொழுந்து என்றால் தண்ணீருக்கென்று கழிவு, கூடுதல் கிலோவுக்குக் கைக்காசு. அவர் சொல்லச் சொல்ல ஒரு பிள்ளை கொப்பியில் எழுதியது. அந்த வரிகளைச் சேர்ப்பதற்கு முன் கொழுந்து எடுக்கும் அம்மாமார் எல்லாரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலைக்குக் கூப்பிட்டு, அட்டையில் விளையாடவைத்து, சேர்க்கைகளை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதப் போகிறோம். புதிய அட்டைகளை வெட்டி வைத்தாகிவிட்டது. தராசு, கூடை, படங்கு, மட்டக்கம்பு, பேர், அரைப்பேர் என்று பெயர் எழுதிய அட்டைகளோடு, பெயர் எழுதாத அட்டைகளும் ஒரு கட்டு இருக்கிறது.